பிரிட்டிஷ் சீகல் அவுட்போர்ட்: வரலாறு, வேகம், புகை (யாராவது ஓட்டியிருக்கிறீர்களா?)

நங்கூரம்77

எல்லோருக்கும் வணக்கம். மாமா வீடு மாறுகிறார். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது ஒரு பழைய அவுட்போர்ட் இன்ஜின் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) என் பொறுப்பில் வந்து விழுந்திருக்கிறது. பெயர் பிரிட்டிஷ் சீகல். சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அங்கே வாங்கினாராம். ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை.

பார்க்க விசித்திரமாக இருக்கிறது. மூடியே கிடையாது. பிளைவீல் என்ற கனத்த சுழல் சக்கரம் மேலே அப்படியே திறந்து கிடக்கிறது. அதன் விளிம்பில் கயிறு சுற்ற ஒரு பள்ளம், முடிச்சு மாட்ட ஒரு வெட்டு. நீளமான இரும்புக் குழாய், அடியில் ஐந்து இலை கொண்ட பெரிய புரொபெல்லர். கியர் மாற்ற எதுவும் கண்ணில் படவில்லை. கிரேங்க்கேஸில் பொறித்த எண்ணின் கடைசியில் ‘ஜிஜி4’ என்று இருக்கிறது.

கேள்விகள் மூன்று. இது எந்தக் காலத்து இன்ஜின்? எவ்வளவு குதிரைத்திறன்? என் நண்பரின் 16 அடி மரச் சம்பானில் மாட்டி சாங்கி பக்கம் ஓட்டலாமா?

பொங்கோல் தூண்டில்

பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போடுங்கள். வரும் காசில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுங்கள்.

சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் யமஹா 15 மாட்டுங்கள். சீகலைச் சுவரில் மாட்டுங்கள்.

கடல்கிழவர்

தம்பி தூண்டில், அவசரப்படாதீர்கள்.

நங்கூரம் தம்பிக்கு முதலில் வயதைச் சொல்லிவிடுகிறேன். சீகல் எண்ணில் கடைசி எழுத்து மாதத்தைக் குறிக்கும், அதற்குப் பின் வரும் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். எழுத்து இரட்டையாக இருந்தால் எழுபதுகள். ஜி ஏழாவது எழுத்து. ஆகவே உங்களுடையது 1974 ஜூலை. முன்னால் இருக்கும் எழுத்துகள் என்ன மாடல் என்று சொல்லும், அதையும் படம் எடுத்துப் போடுங்கள். ஐந்து இலை புரொபெல்லர் என்பதால் பெரும்பாலும் செஞ்சுரி வகை, 102 சிசி. சின்னது ஃபார்ட்டி வரிசை, 64 சிசி.

இனி வரலாறு. 1931ல் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில், சன்பீம் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்து பெயர் வாங்கிய ஜான் மார்ஸ்டன் நிறுவனத்தில் இது பிறந்தது. அப்போது பெயர் மார்ஸ்டன் சீகல். சில ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்த வே-ஹோப், பின்னிஜர் என்ற இருவர் உரிமையை வாங்கித் தனியாக நடத்தத் தொடங்கினார்கள். தொழிற்சாலை பிற்பாடு தெற்குக் கடற்கரையில் இருக்கும் பூல் நகரத்தில் நிலைகொண்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் படகுகளைத் தள்ள எளிமையான, அடி தாங்கும் இன்ஜின் படைகளுக்குத் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் அந்த மொட்டை உருவம் போர்க்காலத்தில் உறுதியானது. மூடி எதற்கு, அழகு எதற்கு, கையில் கிடைக்கும் ஸ்பேனரால் கழற்றத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம். போர் முடிந்த பிறகும் அதை அவர்கள் மாற்றவேயில்லை. 1990களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய அதே சாமானைத்தான் விற்றார்கள்.

இங்கே எப்படி வந்தது என்று கேட்டால், நான் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா டாக்யார்டில் ஃபிட்டர். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பாய்மரப் படகு என்றால் உயிர். காற்று நின்றுபோனால் வீடு திரும்ப வேண்டுமே, அதற்கு ஒரு சீகலைப் பின்னால் தொங்கவிட்டிருப்பார்கள். 1968 ஜனவரியில் பிரிட்டன் படைகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. 1971 முடிவதற்குள் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். போகும்போது விற்றது, கொடுத்தது, விட்டுச்சென்றது என்று பல சீகல்கள் நம்மவர்கள் கைக்கும் மலாய்க்காரர்கள் கைக்கும் வந்தன. உங்களுடையது 1974 என்பதால் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை, பிற்பாடு கடையில் வந்ததாக இருக்க வேண்டும்.

நங்கூரம்77

மிக்க நன்றி ஐயா! எண்ணிலிருந்து மாதம் வரை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. முன் எழுத்துகளைத் துடைத்துப் பார்க்கிறேன், மேலே பெயின்ட் அப்பியிருக்கிறது.

குதிரைத்திறன் பற்றி யாரும் சொல்லவில்லையே? இணையத்தில் தேடினால் ஒருவர் 4 என்கிறார், ஒருவர் 5 என்கிறார்.

பொங்கோல் தூண்டில்

4 ஆனால் என்ன, 5 ஆனால் என்ன? தடால்புடால் சத்தம் 50க்கு வரும். வேகம் நடைவேகம்தான்.

அலைமகள்

நான் கப்பல் வடிவமைப்புத் துறையில் வேலை செய்கிறேன். அதனால் இந்த இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீகல் நிறுவனத்தாருக்குக் குதிரைத்திறன் கணக்கில் அவ்வளவு பிரியம் கிடையாது. எவ்வளவு கனமான படகைத் தள்ளும் என்பதைத்தான் முன்னால் வைத்துப் பேசுவார்கள். அது வியாபாரத் தந்திரமும்தான், ஆனால் அதில் விஷயமும் இருக்கிறது.

படகு முன்னால் போவது எப்படி? புரொபெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. ஒரு நொடியில் எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது, அதற்கு எவ்வளவு வேகம் கொடுக்கிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் தள்ளுவிசை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் போய் வீணாகும் ஆற்றல், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து, பாதி வேகத்தில் தள்ளினால், தள்ளுவிசை அதேதான் கிடைக்கும், வீணாகும் ஆற்றல் பாதியாகிவிடும். பெரிய புரொபெல்லரை மெதுவாகச் சுற்று என்பதற்குக் காரணம் இதுதான். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகுகளின் புரொபெல்லரைப் பாருங்கள், படகின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிதாக இருக்கும்.

சீகல் செஞ்சுரியில் இன்ஜின் வேகத்தைக் கியர் பெட்டி நன்றாகக் குறைத்து, அந்த அகலமான ஐந்து இலையைச் சுற்றுகிறது. இன்றைய 4 குதிரைத்திறன் அவுட்போர்டுகளில் இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், புரொபெல்லர் சின்னது. ரப்பர் படகில் அது பறக்கும். ஒரு டன் எடையுள்ள மரப்படகில் மாட்டினால் தண்ணீரைக் கடைந்துகொண்டே இருக்கும், படகு நகர யோசிக்கும். முதல் கியரில் ஏற்றம் ஏறும் லாரி மாதிரி என்று சீகலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேகம். 16 அடிச் சம்பான் தன் எடையைத் தண்ணீரில் தாங்கிக்கொண்டு நகரும் வகை. அப்படிப்பட்ட படகு தானே எழுப்பும் அலையில் தானே மாட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த கணக்கு இது. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் எல்லை வேகம் வரும். 16 அடிக்கு 4 × 1.34 = 5.36 நாட், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் சம்பானின் நீர்க்கோடு 16 அடிக்குக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் 5 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போக 15 குதிரைத்திறன் மாட்டினாலும் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், பெட்ரோல்தான் கரையும். தட்டை அடிப்பாகம் உள்ள இலேசான ஃபைபர் படகுக்கு இந்த எல்லை பொருந்தாது. அது தண்ணீர் மேல் ஏறி வழுக்கிப் போகும். தூண்டில் அண்ணன் பேசுவது அந்தப் படகைப் பற்றி, நங்கூரம் கேட்பது வேறு படகைப் பற்றி.

யீஷூன் வாசி

அக்கா, கல்லூரியில் இப்படி யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நான் பாஸ் ஆகியிருப்பேன்.

பொங்கோல் தூண்டில்

சரி, கணக்கை ஒப்புக்கொள்கிறேன். இப்போது கடலுக்கு வாருங்கள்.

தெற்குத் தீவுகள் பக்கம் நீரோட்டம் சில வேளைகளில் 3 நாட்டைத் தாண்டும். உங்கள் படகு 5 நாட். எதிர்த்துப் போனால் கைக்கு மிஞ்சுவது 2 நாட். ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள், அது கிட்டே வராது. பக்கத்தில் கப்பல் போகும் தடம். பெரிய கண்டெய்னர் கப்பல்காரனுக்கு உங்கள் சம்பான் கண்ணில் படுமா என்பதே சந்தேகம்.

அதைவிட முக்கியம், சுமத்ரா என்று நாம் சொல்லும் திடீர்ப் புயல்காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் விடியற்காலையில் மேற்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் அதே நேரத்தில்தானே வெளியே இருப்போம்? காற்று திடீரென்று மணிக்கு 40, 50 கிலோமீட்டர் அடிக்கும், அதற்கு மேலும் போகும். கோட்டைப் பார்த்த நிமிடத்தில் தூண்டிலைச் சுருட்டி ஓடி வந்துவிட வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் தள்ளுவிசைத் தத்துவம் வேண்டாம், கரை வேண்டும். யமஹா 15 மாட்டிய ஃபைபர் படகில் நான் கரையில் நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருப்பேன், சீகல்காரர் அப்போதுதான் கயிற்றைத் தேடிக்கொண்டிருப்பார்.

கடல்கிழவர்

இது நியாயமான பேச்சு. சீகலை நம்பித் தெற்கே போக வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஜொகூர் நீரிணைக்குள், கரையை ஒட்டி, நீரோட்டம் திரும்பும் நேரம் பார்த்துப் போனால் ஒன்றும் குற்றமில்லை. அந்தக் காலத்தில் யாரும் ஓட்டத்தை எதிர்த்து மல்லுக்கட்டியதில்லை. ஏற்றத்தோடு போய் இறக்கத்தோடு திரும்புவார்கள்.

சாங்கியிலிருந்து உபின் தீவுக்குப் பயணிகளை ஏற்றும் பம்போட்டே பத்து நிமிடம்தான். சம்பானில் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் அந்த வழியில் பம்போட்டுகள் ஓயாமல் போய்வரும். குறுக்கே சீகலைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

தம்பி, மோட்டார் வைத்த எந்த உல்லாசப் படகுக்கும் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்கும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். இன்ஜின் சின்னது, பழையது என்பதெல்லாம் கரையோரக் காவல்படையிடம் எடுபடாது.

யீஷூன் வாசி

ஒரு சந்தேகம். அவுட்போர்டைக் கண்டுபிடித்ததே பிரிட்டிஷ்காரர்கள்தானா? முதல் அவுட்போர்ட் இதுவா?

கடல்கிழவர்

இல்லை இல்லை, சீகல் தாமதமாக வந்த பிள்ளை. கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

டெட்ராய்ட்டில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1900களின் நடுவிலேயே படகின் பின்னால் மாட்டும் மோட்டாரைச் செய்து விற்றார். ஆனால் ஊர் ஊராகப் பரப்பியது ஓலே எவின்ரூட். நார்வேயில் 1877ல் பிறந்து, ஐந்து வயதில் விஸ்கான்சினுக்குக் குடும்பத்தோடு வந்தவர். ஏரிக்கரையில் காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாள், துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் வெயிலில் உருகிவிட்டது, அன்றைக்கு வந்த யோசனைதான் மோட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, அதனாலேயே நான் பாதிதான் நம்புவேன். 1909ல் மில்வாக்கியில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்ட், விலையும் 62 டாலர்.

உண்மையில் வியாபாரத்தை நடத்தியது பெஸ்தான். துடுப்புப் போடாதே, அதைத் தூக்கி எறி என்று பத்திரிகையில் விளம்பரம் எழுதியதும் அந்த அம்மாதான். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் கம்பெனியில் தங்கள் பங்கை விற்றுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். 1921ல் திரும்பி வந்து, அலுமினியத்தில் இரட்டை சிலிண்டர் இன்ஜின் ஒன்றைப் போட்டார்கள். தம் பெயரையே வெளியே பயன்படுத்த முடியாத நிலை. அதனால் எல்டோ என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் இண்டியானாவில் ஜான்சன் சகோதரர்களும் 35 பவுண்ட் எடையில் ஓர் இலேசான இரட்டை சிலிண்டர் இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். எடைப் போட்டி அங்கேதான் சூடுபிடித்தது. முப்பதுகளில் ஜான்சனும் எவின்ரூட்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. அந்த நிறுவனம் 2000ல் திவாலானது. பெயர் கனடாவின் பொம்பார்டியர் நிறுவனத்தின் கைக்குப் போய், 2020ல் எவின்ரூட் உற்பத்தியே நின்றுவிட்டது.

ஜப்பானியர் பக்கம் பார்த்தால் டோஹாட்சு 1956, யமஹா 1960, ஹோண்டாவின் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் 1964. எழுபதுகளுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் மீனவர் படகுகள் யமஹா பக்கம் சாய்ந்தன. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. உதிரிப்பாகம் எந்தக் கம்பத்திலும் (கிராமத்திலும்) கிடைக்கும், தண்ணீர் பம்ப்பைத் தென்னைமரத்தடியில் உட்கார்ந்தே மாற்றலாம்.

பொங்கோல் தூண்டில்

கடைசி வரிக்கு நூறு லைக்.

ஸ்பேனர் சேகர்

தாமதமாக வருகிறேன், வேலை. படகுப் பட்டறையில் இருக்கிறேன், சீகல் சிலவற்றைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். நங்கூரம், ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் ஆசையை அடக்கிக்கொண்டு இதைப் படியுங்கள். நேராகக் கயிற்றைச் சுற்றி இழுக்காதீர்கள்.

முதலில் சிலிண்டர் தலையைச் சுற்றி இருக்கும் போல்ட் எதையும் தொடாதீர்கள். உப்புத்தண்ணீர் அலுமினியத்தையும் இரும்பையும் ஒன்றாக ஒட்டிவைத்திருக்கும். பலம் கொடுத்தால் தலை அறுந்து கையோடு வரும், மீதி உள்ளேயே நிற்கும், அதைத் துளை போட்டு எடுப்பது ஒரு தனிக் கொடுமை. துரு இளக்கும் எண்ணெயை அடித்து, நாள்கணக்கில் ஊறவிடுங்கள். அவசியம் இல்லை என்றால் கழற்றவே வேண்டாம்.

பிளக்கைக் கழற்றுங்கள். துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் பிளைவீலைச் சுற்றுங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டினீர்கள். அப்புறம் பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் படும்படி வைத்து, கயிற்றால் ஓர் இழு. நீல நிறத்தில் படீரென்று பொறி வர வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால், அல்லது வராமலே போனால் பிளைவீலுக்கு அடியில் இருக்கும் பாயின்ட்டை (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைகளை) சுத்தம் செய்ய வேண்டும், கண்டென்சரையும் மாற்றிவிடுவது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் பாயின்ட்டில் பச்சை பூத்திருக்கும்.

பெட்ரோல் குழாய்க்கு உள்ளே தக்கை இருக்கும். காய்ந்து சுருங்கியிருந்தால் ஒழுகும். தண்ணீரில் ஊறப்போட்டால் சில வேளை திரும்ப உப்பிவிடும். இல்லையென்றால் புதுசு வாங்குங்கள். இங்கிலாந்தில் சீகல் உதிரிப்பாகம் மட்டுமே விற்றுப் பிழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கியர் பெட்டி. அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் பால் கோப்பி நிறத்தில் ஏதோ வடியும். பயப்பட வேண்டாம். இந்த இன்ஜினில் இன்றைய மாதிரி சீல் கிடையாது, தண்ணீர் கொஞ்சம் உள்ளே போகும், எண்ணெய் கொஞ்சம் வெளியே வரும். அதற்காகவே எஸ்ஏஈ 140 என்ற கெட்டியான எண்ணெயைப் போடச் சொன்னார்கள். அது தண்ணீரோடு கலந்தாலும் பல்லைக் காப்பாற்றும். இப்போது விற்கும் இலேசான கியர் ஆயிலை ஊற்றினால் முழுதும் கடலுக்குத்தான் போகும்.

புரொபெல்லரில் ஒரு சுருள் ஸ்பிரிங் பார்ப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. புரொபெல்லரைச் சுற்றுவதே அந்த ஸ்பிரிங்தான். கல்லிலோ மரக்கட்டையிலோ இலை மோதினால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். மற்ற இன்ஜின்களில் இதற்கு ஒரு பின் இருக்கும், மோதினால் உடையும், நடுக்கடலில் மாற்ற வேண்டும். சீகலில் அந்தத் தலைவலி இல்லை. எனக்கு இந்த இன்ஜினில் ரொம்பப் பிடித்த சமாசாரம் இதுதான்.

ஓட்டுவது தண்ணீர்ப் பீப்பாயில்தான், புரொபெல்லரைக் கழற்றிவிட்டு. தண்ணீர் பம்ப் முழுக்க மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். எச்டிபி அடுக்குமாடி புளோக்கின் கீழே வைத்து ஓட்டாதீர்கள், ஐந்து நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வரும். அவ்வளவு புகை.

நங்கூரம்77

சேகர் அண்ணே, இதைப் பிரிண்ட் எடுத்து ஸ்டோரில் ஒட்டப்போகிறேன். கியர் மாற்ற ஒன்றும் இல்லையே என்று கேட்டேனே, அப்படியென்றால் நியூட்ரலே இல்லையா?

ஸ்பேனர் சேகர்

கிளட்ச் வைத்த மாடல்களும் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையதில் அந்த நெம்புகோல் இல்லை. ஆகவே நேரடி இணைப்பு. இன்ஜின் பற்றிக்கொண்ட அதே நொடியில் புரொபெல்லர் சுற்றும், படகு பாயும். ஜெட்டியைப் பார்த்து மூக்கை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கயிற்றை அவிழ்த்து, படகைத் திறந்த தண்ணீர் பக்கம் திருப்பி, நண்பரை உட்காரச் சொல்லிவிட்டுப் பிறகு இழுங்கள். நின்றுகொண்டிருந்தால் தண்ணீரில் இருப்பார்.

இழுக்கும்போது பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கயிறு பிளைவீலை விட்டுக் கழன்று முழு நீளத்துக்கும் வரும், முனையில் முடிச்சு வேறு. முகத்தில் பட்டால் தழும்பு நிச்சயம். ஓடத் தொடங்கியதும் பிளைவீல் மேல் சட்டையோ, தலைமுடியோ, கழுத்துத் துண்டோ போகக் கூடாது. ரிவர்ஸ் இல்லை. ஜெட்டிக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே இன்ஜினை நிறுத்தி, மிதந்து வந்து கையால் பிடிக்கப் பழக வேண்டும். முதலில் துடுப்போடு பழகுங்கள்.

அலைமகள்

புகை பற்றி சேகர் தொட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு இந்த இன்ஜினில் பெரிய மனத்தாங்கலே அங்கேதான்.

பழைய சீகலுக்கு 10க்கு 1 என்று எண்ணெய் கலக்கச் சொல்வார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. யமஹா இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 50க்கு 1, அதாவது 20 மில்லி. ஐந்து மடங்கு. ஏன் இவ்வளவு என்றால் கிரேங்க் ஷாஃப்ட் உருளும் பேரிங்கில் உட்காரவில்லை, வெண்கலப் புஷ்ஷில் (வெறும் உலோக வளையத்தில்) உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் அதற்கு ஒரே மசகு. குறைத்தால் தேயும். பிற்காலத்து இன்ஜின்களுக்கு 25க்கு 1 வரை இறக்கினார்கள், கார்புரேட்டரையும் அதற்கேற்ப மாற்றி. நங்கூரத்தின் 1974 இன்ஜினுக்கு எந்த மாற்றமும் செய்யாமல் அதை முயலக் கூடாது.

இதற்கு மேல், கார்புரேட்டர் வைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. எரிந்த புகையை வெளியே தள்ளுவதும் புதுப் பெட்ரோல் காற்றை உள்ளே விடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். அந்தக் குழப்பத்தில் எரிபொருளில் கால் பங்கும் அதற்கு மேலும் எரியாமலேயே வெளியேறும். சீகலின் புகைக்குழாய் தண்ணீருக்குள் முடிகிறது. போன வழியெல்லாம் வானவில் படலம். அமெரிக்காவில் தாஹோ ஏரியில் 1999லேயே இந்த வகை இன்ஜின்களைத் தடுத்துவிட்டார்கள்.

உபினின் கிழக்கு முனையில் செக் ஜாவா இருக்கிறது. 2001 டிசம்பரில் நிலமீட்புத் திட்டத்தைத் தள்ளிவைத்து, மக்கள் கெஞ்சிக் காப்பாற்றிய இடம். கடல்புல்லும் நட்சத்திர மீனும் இருக்கும் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் 10க்கு 1 கலவையோடு போவதை நினைத்தாலே எனக்கு ஒப்பவில்லை. ஒருநாள் ஆசைக்கு ஓட்டுங்கள், கண்காட்சிக்கு ஓட்டுங்கள். வாராவாரம் மீன் பிடிக்க வேண்டாம்.

கடல்கிழவர்

அம்மா சொல்வது சரி. அந்தக் காலத்தில் யாருக்கும் இது உறைக்கவில்லை. ஓரத்தில் எண்ணெய் மிதந்தால் ஆற்றுக்கு அது இயல்பு என்று நினைத்தோம். 1977ல் ஆறுகளைச் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கிப் பத்து வருடம் ஆன பிறகுதான் சிங்கப்பூர் ஆற்றின் உண்மையான நிறத்தையே பார்த்தோம்.

பொங்கோல் தூண்டில்

நான் விளையாட்டாக ஆரம்பித்தேன், இப்போது என் யமஹா இரண்டு ஸ்ட்ரோக் மேலேயும் பழி விழுகிறது 😅

2030க்குப் பிறகு எல்லாம் மின்சாரமா? அப்போது என் இன்ஜினையும் இரும்புக் கடைக்குத்தான் போட வேண்டுமா?

அலைமகள்

2030லிருந்து துறைமுக நீர்ப்பரப்பில் புதிதாக இயங்கவரும் துறைமுகப் படகுகள் முழு மின்சாரமாகவோ, பி100 என்ற நூறு விழுக்காடு உயிரி எரிபொருளில் ஓடக்கூடியதாகவோ, நிகரச் சுழிய எரிபொருளுக்குப் பொருந்துவதாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் அறிவிப்பு. புதிய படகுகள் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஒரு வேடிக்கை சொல்லவா? மின்மோட்டார் வந்ததும் பெரிய புரொபெல்லரை மெதுவாகச் சுற்றும் வழக்கம் திரும்ப வந்திருக்கிறது. பேட்டரியில் இருப்பதே கொஞ்சம் ஆற்றல், வீணாக்க முடியாது. மெதுவாகப் போகும் படகுகளுக்கான மின்சார அவுட்போர்டுகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், இலை அகலத்தைப் பார்த்தால் சீகல்காரர்கள் சிரிப்பார்கள்.

நங்கூரம்77

முன் எழுத்துகள் தெரிந்துவிட்டன: டபிள்யூஎஸ். கையால் சுற்றினால் பிளைவீல் சுற்றுகிறது! பிளக் துருப்பிடித்து வாயைத் திறக்கவில்லை, எண்ணெய் ஊறவிட்டிருக்கிறேன். கடைக்காரர் ஒருவர் அதே அளவு பிளக் இல்லை, அடாப்டர் போட்டு மோட்டார் சைக்கிள் பிளக் மாட்டலாம் என்கிறார். செய்யலாமா?

கடல்கிழவர்

டபிள்யூஎஸ் என்றால் சில்வர் செஞ்சுரி. நல்ல பிடி தம்பி.

ஸ்பேனர் சேகர்

அடாப்டர் வேண்டாம். இது 18 மில்லிமீட்டர் பிளக். அடாப்டர் போட்டால் சூடு சரியாக இறங்காது, பொறி விழும் இடமும் மாறிவிடும், பத்து நிமிடம் ஓடி நிற்கும். சாம்பியன் டி16 என்று கேளுங்கள், பழைய டிராக்டர் சாமான் விற்பவர்களிடமும் கிடைக்கும். பழைய பிளக்கைத் திறக்கும்போது ஆழமான சாக்கெட் போடுங்கள், ஸ்பேனர் சாய்ந்தால் பீங்கான் உடைந்து துண்டு உள்ளே விழும். விழுந்தால் சுற்றாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.